ஒரே நாளில் பிறந்த பேஸ்பால் வீரர்கள்: 1968 மே 27-ஐ மிஞ்ச எதுவும் உண்டா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

பேஸ்பாலில் ஒரே பிறந்தநாள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஜனவரி 31-க்குப் போய்விடுகிறார்கள். ஜாக்கி ராபின்சன், எர்னி பேங்க்ஸ், நோலன் ரயன் மூவருக்கும் அன்றுதான் பிறந்தநாள். பெரிய பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1919, 1931, 1947 என்று மூவரும் வேறு வேறு தலைமுறை. பொதுவாக இருப்பது தேதி மட்டும்தான்.

என்னைக் கேட்டால் 1968 மே 27-தான் முதலிடம். அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில் ஃபிராங்க் தாமஸ் பிறந்தார். அதே நாளில் பாஸ்டனில் ஜெஃப் பேக்வெல் பிறந்தார். நாள், மாதம், ஆண்டு மூன்றும் ஒன்று. இருவரும் வலதுகை பேட்டர்கள். இருவரும் முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நின்று ஆடியவர்கள். 1990 ஆகஸ்டில் தாமஸ் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு வந்தார். அதே மாதக் கடைசியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நிர்வாகம், லாரி ஆண்டர்சன் என்ற மூத்த பிட்சர் (பேட்டருக்குப் பந்து வீசுபவர்) ஒருவருக்காக பேக்வெல்லை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுத்துவிட்டது. உச்சமட்ட பேஸ்பாலான மேஜர் லீகில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு. 1991-இல் பேக்வெல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம்.

இதற்கெல்லாம் உச்சம் 1994. அமெரிக்கன் லீகின் எம்விபி தாமஸ், நேஷனல் லீகின் எம்விபி பேக்வெல். ஒரே நாளில் பிறந்த இருவர், ஒரே ஆண்டில், இரண்டு லீகுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள். தாமஸ் 113 ஆட்டங்களில் 38 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்), பேட்டிங் சராசரி 0.353. பேக்வெல் 110 ஆட்டங்களில் 39 ஹோம் ரன், சராசரி 0.368. எண்கள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதற்கு இணையாக வேறு ஒன்று இருந்தால் சொல்லுங்கள். ஒருவரின் பெயரை மட்டும் எறிந்துவிட்டுப் போகாமல், இருவருடைய ஆட்டத்தையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

புதியவள் எழுதியது:

நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. இரண்டு சந்தேகம். 0.368 என்பது பெரிய எண்ணா? அப்புறம், 162 ஆட்டம் உள்ள சீசனில் ஏன் இருவருமே 110, 113 ஆட்டங்களோடு நிற்கிறார்கள்? இருவருக்கும் காயமா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நல்ல கேள்விகள். ஆயிரம் முறை பேட் பிடித்தால் 368 முறை ஹிட் அடிப்பார், அதாவது பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை அடைவார் என்பதுதான் 0.368. 300 அடித்தாலே சிறந்த பேட்டர் என்பார்கள்.

ஆட்டங்கள் குறைந்ததற்குக் காரணம் வேலைநிறுத்தம். 1994 ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் சங்கம் ஆட்டத்தை நிறுத்தியது. ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்க அணி உரிமையாளர்கள் நினைத்தார்கள், வீரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சீசன் அங்கேயே முடிந்தது. இரண்டு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் 1904-க்குப் பிறகு முதல் முறையாக நடக்காமல் போனது அந்த ஆண்டுதான். அதற்கு இரண்டே நாள் முன்பு, ஆகஸ்ட் 10 அன்று, ஒரு பந்து பட்டு பேக்வெல்லின் கை எலும்பு முறிந்தது. வேலைநிறுத்தம் வராமல் இருந்திருந்தால் மிச்ச சீசனை அவர் வெளியே உட்கார்ந்துதான் பார்த்திருப்பார். எம்விபி வேறு யாருக்காவது போயிருக்கவும் கூடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்தப் பேச்சில் கணக்கைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் எவராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஒரு மேஜர் லீக் அணியில் 26 பேர். ஆக, எந்த அணியை எடுத்தாலும் அதில் பிறந்தநாளைப் பகிரும் ஜோடி இருக்க 60 சதவீத அளவுக்கு வாய்ப்பு உண்டு. பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் வீரர்களாகவே 270-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 365 நாட்களில் அவர்களைப் பரப்பினால் பத்துக்கும் மேற்பட்ட நாட்களில் மூன்று பேராவது வந்து விழுவார்கள். எண்ணிக்கையாக மட்டும் பார்த்தால் ஜனவரி 31 அதிசயம் இல்லை.

ஆண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் கதை மாறுகிறது. அந்த வகையில் ஹூஸ்டன்வாசியின் பக்கம் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. பிறந்தநாட்கள் ஆண்டு முழுக்கச் சமமாகப் பரவியும் இல்லை. அமெரிக்காவில் பிறந்த மேஜர் லீக் வீரர்களில் ஆகஸ்ட் மாதத்தவர்கள் அதிகம், ஜூலை மாதத்தவர்கள் குறைவு. அங்கே சிறுவர் பேஸ்பாலில் வயதைக் கணக்கிட நீண்ட காலம் ஜூலை 31-தான் எல்லையாக இருந்தது. ஆகஸ்டில் பிறந்த பையன் தன் வயதுப் பிரிவில் மூத்தவன். ஜூலையில் பிறந்தவன் கடைக்குட்டி. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் உடம்பில் நன்றாகவே தெரியும். மூத்தவனுக்கு ஆட வாய்ப்பு அதிகம், பயிற்சியாளரின் கவனமும் அதிகம். அது பெரியவனான பிறகும் தொடர்கிறது. கேல் ரிப்கன், மைக் ட்ரவுட் இருவரும் ஆகஸ்டில் பிறந்தவர்கள். அவர்களை உருவாக்கியது மாதம் என்று சொல்லவில்லை. மொத்தக் கணக்கில்தான் அந்தச் சாய்வு தெரியும்.

நாற்பத்திரண்டு எழுதியது:

கணக்கு சரி. ஆனால் ஜனவரி 31-ஐ எண்ணிக்கைக்காக யாரும் கொண்டாடவில்லை.

ஜாக்கி ராபின்சன் 1945-இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடினார். அது கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ லீக் அணி. மேஜர் லீக் கதவு அவர்களுக்கு மூடியிருந்த காலம். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையில் ராபின்சன் களம் இறங்கி அந்தக் கதவைத் திறந்தார். அதே மோனார்க்ஸ் அணியிலிருந்து 1953 செப்டம்பரில் சிகாகோ கப்ஸுக்கு வந்தவர் எர்னி பேங்க்ஸ். கப்ஸ் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். 1958, 1959 இரண்டு ஆண்டும் நேஷனல் லீக் எம்விபி, மொத்தம் 512 ஹோம் ரன். அதாவது ஒருவர் திறந்த வழியில், அதே அணியிலிருந்து, அதே பிறந்தநாள் கொண்ட இன்னொருவர் வந்தார். இதைத் தேதிப் பொருத்தம் என்று மட்டும் எப்படி ஒதுக்குவது?

ரயனையும் இதில் சேர்க்கலாம். ராபின்சன் முதல் ஆட்டம் ஆடியபோது டெக்சஸில் ரயன் மூன்று மாதம்கூட நிரம்பாத குழந்தை. 27 சீசன் ஆடி, 5,714 முறை பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தார். ஏழு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு சாதனைகளும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.

பேங்க்ஸ் பற்றி ஒரு வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. 2,528 ஆட்டங்கள் ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட (வழக்கமான சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடப்பது) அவருக்குக் கிடைக்கவில்லை. 2015-இல், 84-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு காலமானார். அடுத்த ஆண்டே கப்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றது.

நதிக்கரை எழுதியது:

நாளும் ஆண்டும் பொருந்துவது பெரிதா, நாளும் ஊரும் பொருந்துவது பெரிதா? என் ஓட்டு நவம்பர் 21-க்கு.

பென்சில்வேனியாவில் மொனோங்கஹேலா ஆற்றங்கரையில் டொனோரா என்று ஒரு சிறிய ஆலை ஊர். 1920 நவம்பர் 21 அன்று அங்கே ஸ்டான் மியூசியல் பிறந்தார். போலந்திலிருந்து வந்து ஆலையில் உழைத்த தொழிலாளியின் மகன். 1969 நவம்பர் 21 அன்று அதே டொனோராவில் கென் கிரிஃபி ஜூனியர் பிறந்தார். இருவரும் இடது கையால் எறிபவர்கள், இடது கையால் அடிப்பவர்கள், அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்கள்). இருவரும் ஆடியது 22 சீசன். மியூசியல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன ஆண்டு 1969, கிரிஃபி பிறந்த அதே ஆண்டு.

இன்னும் இருக்கிறது. கிரிஃபியின் தாத்தா, மியூசியலோடு டொனோரா உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடியவர். கிரிஃபியின் அப்பா கென் கிரிஃபி சீனியரும் டொனோராவில் பிறந்து, சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் 1975, 1976 வேர்ல்ட் சீரிஸ் வென்றவர். அப்பாவும் மகனும் 1990-இல் சியாட்டில் மரினர்ஸ் அணியில் ஒன்றாக ஆடி, செப்டம்பர் 14 அன்று அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள்.

அந்த ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1948 அக்டோபர் கடைசியில் துத்தநாக ஆலை, எஃகு ஆலைப் புகை மேலே போக வழியின்றி டொனோரா பள்ளத்தாக்கிலேயே தேங்கிவிட்டது. குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோலப் படிந்ததுதான் காரணம். மழை வந்து புகை கலைவதற்குள் 20 பேர் இறந்துபோனார்கள். சுமார் 14,000 பேர் வாழ்ந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். அமெரிக்காவில் காற்று மாசைப் பற்றிச் சட்டம் பேச வைத்த நிகழ்ச்சிகளில் இது முக்கியமானது. அதே 1948-இல்தான் மியூசியல் தன் மூன்றாவது எம்விபி விருதை வாங்கினார். ஆலைகள் பிறகு மூடப்பட்டன. இன்று ஊரில் 5,000 பேர்கூட இல்லை. இப்படிப்பட்ட ஊரிலிருந்து 3,630 ஹிட் அடித்த ஒருவரும் 630 ஹோம் ரன் அடித்த ஒருவரும், அதுவும் ஒரே தேதியில்!

மியூசியலின் அந்த 3,630 ஹிட்டில் சொந்த மைதானத்தில் 1,815, வெளி மைதானங்களில் 1,815. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத எண் இது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதே நவம்பர் 21-இல் ஃபிரெடி லிண்ட்ஸ்ட்ராமும் இருக்கிறார், 1905, சிகாகோ. 18 வயதில் 1924 வேர்ல்ட் சீரிஸில் ஆடியவர். ஏழாவது ஆட்டத்தில் தரையில் வந்த பந்து எதிலோ பட்டு அவர் தலைக்கு மேல் எகிறியது, வாஷிங்டன் ஜெயித்தது. ஹால் ஆஃப் ஃபேமர்தான். டொனோரா கதை முன்னால் வந்துவிடுவதால் அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நதிக்கரை, டொனோரா பதிவு அருமை. ஒன்று மட்டும். கிரிஃபி அங்கே பிறந்தாரே தவிர, வளர்ந்தது அப்பா ஆடிய சின்சினாட்டியில். அதோடு மியூசியலுக்கும் கிரிஃபிக்கும் இடையே 49 ஆண்டு. அவர்களை ஒப்பிட முடியாது. மியூசியல் ஆடத் தொடங்கிய 1941-இல் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை, இரவு ஆட்டங்களும் குறைவு.

தாமஸையும் பேக்வெல்லையும் உண்மையாகவே தராசில் வைக்கலாம். ஒரே வயது, ஒரே காலம், ஒரே இடத்தில் நின்ற ஆட்டம். 25 வயதில் யார் எப்படி, 30-இல் யார் எப்படி என்று ஆண்டுவாரியாக நேருக்கு நேர் பார்க்கலாம். ஒரே நாளில் பிறந்தவர்களைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஆர்வம் வருவதே இதனால்தான்.

தாமஸ் 521 ஹோம் ரன், பேக்வெல் 449. சராசரி தாமஸுக்கு 0.301, பேக்வெல்லுக்கு 0.297. ஆர்பிஐ, அதாவது தன் பேட்டிங்கால் அணிக்கு வரவைத்த ரன், தாமஸுக்கு 1,704, பேக்வெல்லுக்கு 1,529. இதை மட்டும் பார்த்தால் தாமஸ்தான். ஆனால் பேக்வெல் சொந்த ஆட்டங்களை ஆடியது 1999 வரை ஆஸ்ட்ரோடோமில். பேட்டர்களுக்குக் கஷ்டமான மைதானம், பந்து அங்கே தூரம் போகாது. 2000-இல் அணி புது மைதானத்துக்கு மாறியதும் அந்த ஆண்டே 47 ஹோம் ரன் அடித்தார். பேஸ் திருடியதில் (பேட்டர் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) பேக்வெல் 202, தாமஸ் 32. முதல் பேஸில் ஃபீல்டிங்குக்கு பேக்வெல் கோல்ட் கிளவ் விருது வாங்கியவர். தாமஸ் பிற்காலத்தில் பெரும்பாலும் டெசிக்னேட்டட் ஹிட்டர், அதாவது பேட்டிங் மட்டும்.

முழு ஆட்டக்காரர் பேக்வெல் என்பது என் முடிவு. ஹூஸ்டனில் இருப்பதால் சொல்லவில்லை.

இடதுகைப் பிட்சர் எழுதியது:

ஃபீல்டிங்கில் ஒத்துக்கொள்கிறேன். பேட்டை மட்டும் வைத்துப் பேசினால் தாமஸுக்குப் பக்கத்தில் பேக்வெல் வர முடியாது. 1991 முதல் 1997 வரை ஏழு ஆண்டு தொடர்ந்து 0.300 சராசரி, 20 ஹோம் ரன், 100 வாக் (நான்கு மோசமான பந்துகளை விட்டு முதல் பேஸைப் பெறுவது), 100 ரன், 100 ஆர்பிஐ எல்லாம் சேர்த்து எடுத்தவர். பந்தைப் பார்க்கும் கண் அப்படி. ஆறடி ஐந்தங்குல உடம்பு, ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடியவர். வெறும் பலத்தை நம்பியிருந்தால் இத்தனை வாக் கிடைத்திருக்காது. மோசமான பந்தை அவர் தொடவே மாட்டார்.

ஊக்கமருந்து விஷயத்தில் தாமஸ் எடுத்த நிலைப்பாட்டையும் நான் பெரிதாக மதிக்கிறேன். சோதனை வேண்டும் என்று ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்படையாகச் சொன்னவர். பேஸ்பாலில் ஊக்கமருந்தை விசாரித்த மிட்செல் குழுவிடம் தானாக முன்வந்து பேசிய, ஆட்டத்தில் இருந்த ஒரே வீரர் அவர்தான்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

தாமஸுக்கு அதில் முழு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்தின் சந்தேகம் பேக்வெல் மேல் விழுந்த விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. சோதனையில் சிக்கியதில்லை, எந்த விசாரணையிலும் பெயர் வந்ததில்லை. உடம்பு பெருத்தது என்ற ஒரே காரணத்தை வைத்து ஹால் ஆஃப் ஃபேம் வாக்காளர்கள் பலர் ஒதுக்கினார்கள். 2011-இல் முதல் முறை ஓட்டுக்கு வந்தபோது 41.7 சதவீதம். தேவை 75. ஏழாவது முறையில், 2017-இல்தான் உள்ளே போனார். தாமஸ் 2014-இல் முதல் முறையிலேயே போய்விட்டார். ஆதாரமே இல்லாமல் ஒரு மனிதரை ஆறு ஆண்டு வாசலில் நிறுத்தியது அநியாயம்.

புதியவள் எழுதியது:

இவ்வளவு ஒற்றுமை இருக்கும் இருவரும் ஒரு வேர்ல்ட் சீரிஸில் எதிரெதிரே ஆடியதில்லையா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

அதுதான் இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம். 2005 வேர்ல்ட் சீரிஸ் ஒயிட் சாக்ஸுக்கும் ஆஸ்ட்ரோஸுக்கும்தான் நடந்தது. ஆஸ்ட்ரோஸுக்கு அது முதல் வேர்ல்ட் சீரிஸ். ஒயிட் சாக்ஸ் அதற்கு முன் கடைசியாகக் கோப்பை வென்றது 1917-இல். 37 வயதில் இருவரும் எதிரெதிர் அணியில். ஆனால் தாமஸுக்குக் கால் எலும்பில் முறிவு. அந்த ஆண்டு 34 ஆட்டம்தான் ஆடியிருந்தார், சீரிஸ் அணியில் இல்லை. பேக்வெல்லுக்குத் தோள் போய்விட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரால் பந்தைச் சரியாக எறிய முடியவில்லை, பேட் பிடிக்க மட்டும் இறங்கினார். ஒயிட் சாக்ஸ் நான்கு ஆட்டங்களையும் வென்றது. பேக்வெல் அதற்குப் பிறகு ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

தாமஸ் மீண்டு வந்தார். 2006-இல் ஓக்லண்டுக்குப் போய் 39 ஹோம் ரன் அடித்தார்.

இடதுகைப் பிட்சர் எழுதியது:

2007 ஜூன் 28-ஐ விட்டுவிட்டீர்களே. அன்று டொரன்டோ அணிக்காக மினசோட்டாவில் தாமஸ் தன் 500-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அதே நாள் ஹூஸ்டனில் கிரெய்க் பிஜியோ 3,000-ஆவது ஹிட் அடித்தார். 15 சீசன் தன்னோடு ஆடிய பேக்வெல்லை அந்தக் கொண்டாட்டத்தில் பிஜியோ மைதானத்துக்குள் கூட்டிவந்தார். ஆக, அந்த நாளிலும் மே 27-காரர்கள் இருவரும் களத்தில் நின்றிருக்கிறார்கள், வேறு வேறு ஊரில்.

நாற்பத்திரண்டு எழுதியது:

இது எனக்குப் புதிய செய்தி. நன்றி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிறந்தநாள் என்று நாம் பேசுவதெல்லாம் காகிதத்தில் உள்ள தேதி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பேப் ரூத் தான் பிறந்தது 1894 பிப்ரவரி 7 என்றே நம்பியிருந்தார். 1934-இல் ஜப்பான் பயணத்துக்காகக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான் பதிவேட்டில் 1895 பிப்ரவரி 6 என்று இருப்பது தெரிந்தது. இந்தத் திருத்தத்தால்தான் அவருடைய 714 ஹோம் ரன் சாதனையை உடைத்த ஹாங்க் ஆரனின் பிப்ரவரி 5-க்கு மறுநாளாக அவர் பிறந்தநாள் நிற்கிறது.

டொமினிக்கன் குடியரசிலிருந்து வரும் பையன்களின் நிலைமை வேறு. 16, 17 வயதில் ஒப்பந்தம் கிடைத்தால்தான் நல்ல பணம். 19 என்றால் விலை இறங்கிவிடும். அதனால் வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது. 2002-இன் எம்விபி மிகேல் தெஹாடா, 1976 அல்ல, 1974-இல் பிறந்ததாக 2008-இல் ஒத்துக்கொண்டார். வறுமையில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரே வாசல் அது என்கிறபோது அந்தப் பையன்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நதிக்கரை எழுதியது:

இரட்டையர்களை யாரும் சொல்லவில்லையே? ஹோசே கான்செகோ, ஓசி கான்செகோ, 1964 ஜூலை 2. ஒருவருக்கு 462 ஹோம் ரன், இன்னொருவருக்கு ஒன்றுகூட இல்லை. 1990-இல் ஓக்லண்டில் இருவரும் ஆடியிருக்கிறார்கள். இப்போதைய காலத்தில் ரோஜர்ஸ் சகோதரர்கள், டெய்லரும் டைலரும், 1990 டிசம்பர் 17. ஒரே உருவம் கொண்ட இரட்டையர்கள். டெய்லர் இடது கையால் எறிவார், டைலர் வலது கையால், அதுவும் விரல் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து. 2023-இல் இருவரும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பிட்சர்கள்.

இடதுகைப் பிட்சர் எழுதியது:

நாள், மாதம், ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும் என்றால் 1966 ஏப்ரல் 14 இருக்கிறது. கிரெக் மேடக்ஸ் டெக்சஸில், டேவிட் ஜஸ்டிஸ் சின்சினாட்டியில். மே 27-காரர்கள் எதிரெதிர் லீகில் இருந்தார்கள். இவர்கள் இருவரும் 1993 முதல் 1996 வரை அட்லாண்டா பிரேவ்ஸில் ஒரே அணி! அதே அணியில் ஸ்டீவ் ஏவரி என்ற பிட்சரும் ஏப்ரல் 14-இல் பிறந்தவர், ஆண்டு மட்டும் 1970.

1995 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில் கிளீவ்லண்டுக்கு இரண்டே ஹிட் கொடுத்து மேடக்ஸ் ஜெயித்துக் கொடுத்தார். ஆறாவது ஆட்டத்துக்கு முன்னால் அட்லாண்டா ரசிகர்களுக்கு உற்சாகம் போதாது என்று ஜஸ்டிஸ் சொல்லிவிட்டார். சொந்த மைதானத்திலேயே அவருக்கு எதிராகக் கூச்சல். ஆறாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 1-0. கோப்பை பிரேவ்ஸுக்கு. அந்த ஒரு ரன் ஜஸ்டிஸுடையது.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நல்ல போட்டிதான் இது. ஒரே அணி என்பது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் பிட்சர், ஒருவர் அவுட்ஃபீல்டர், பக்கத்தில் வைத்து அளக்க முடியாது. அதோடு ஜஸ்டிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. என் முதலிடம் மே 27-தான், மாறவில்லை. இரண்டாமிடத்துக்கு மட்டும் டொனோராவா, ஏப்ரல் 14-ஆ என்று யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஏவரியையும் சேர்த்து 90-களின் பிரேவ்ஸ் பிட்சர்கள் பற்றி நீங்களே ஒரு தனி இழை தொடங்குங்கள். 1991 பிளேஆஃபில் ஏவரி வீசியதைப் பற்றியே நிறையப் பேசலாம், முதல் பதில் என்னுடையது.